பாம்பன் பக்கம் பாரிஸ் பாட்டு: வாசகர் கேள்வி பதில்

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, ஆம்பிளைகள் வலை பின்னியும் சீட்டாடியும் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பாம்பன் பக்கம் ஒரு கடலோர ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு சின்னக் குழு இரண்டரை மணி நேரம் பிரெஞ்சுப் பாட்டு பாடிவிட்டுப் போனது. முதல் பாதி பழைய பாட்டு, இரண்டாம் பாதி இந்தக் காலத்துப் பாட்டு. அதைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம்தான் எழுதினேன். அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. பாதி கடிதம், மீதி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. சினிமாக் கேள்வி கேட்டவர்கள் இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசைப்படகு டிரைவர், பாம்பன்: அண்ணே, கறுப்பு கவுன் போட்ட பொண்ணு கையைக்கூட அசைக்காம நின்னு 'நோன்'னு ஆரம்பிச்சு ஒரு பாட்டு பாடுச்சே, ஒரு வார்த்தை புரியல. ஆனா எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு, பக்கத்துல என் மச்சான் அழுதுட்டான். அவன் அன்னைக்குக் குடிக்கவும் இல்ல. ஏண்ணே அப்படி?

மச்சான் குடிக்கவில்லை என்பதை உங்களுக்காக நம்புகிறேன் தம்பி. அந்தப் பாட்டு 'நோன், ஜெ ந ரெக்ரெத் ரியான்'. 'இல்லை, எதற்கும் நான் வருத்தப்படவில்லை' என்று அர்த்தம். 1960-ல் எதித் பியாஃப் பாடிப் பதிவு செய்தது. பியாஃப் என்றால் பாரிஸ் கொச்சையில் சிட்டுக்குருவி. ஐந்தடிகூட இல்லாத மனுஷி. தெருவில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்தவரை 1935-ல் ஓர் இரவு விடுதிக்காரர் கூட்டிப்போய் மேடை ஏற்றினார். அன்றிலிருந்து கறுப்பு உடைதான். நம்மூர் மேடையில் அந்தப் பெண் கறுப்பு போட்டதும் அசையாமல் நின்றதும் அவருக்குச் செய்த மரியாதை.

அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கேளுங்கள். ஷார்ல் துமோன் என்ற இசையமைப்பாளரின் மெட்டுகளை பியாஃப் அதற்கு முன்னால் திருப்பி அனுப்பியிருக்கிறார். 1960 அக்டோபரில் அவரும், வரிகளை எழுதிய மிஷேல் வோகேரும் வீடு தேடி வந்தபோதும் வேண்டாவெறுப்பாக, 'சரி, ஒரே ஒரு பாட்டு வாசித்துக் காட்டு' என்றார். வாசித்ததும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்கு உடம்பில் தெம்பே கிடையாது. விபத்து, அறுவை சிகிச்சை, வலிக்குப் போட்ட ஊசிகள். உயிராக நேசித்த குத்துச்சண்டை வீரர் மர்செல் செர்தான் 1949-ல் விமான விபத்தில் போய்விட்டார். அப்படிப்பட்டவர் நின்று, எனக்குச் செய்த நல்லதும் சரி, கெட்டதும் சரி, எல்லாம் எனக்கு ஒன்றுதான், பழசையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டேன், முதலிலிருந்து தொடங்கப்போகிறேன் என்று பாடினால் எப்படி இருக்கும்? பாரிஸில் ஒலிம்பியா அரங்கு கடனில் மூழ்கி மூடப்போகும் நிலையில் இருந்தது. 1960 டிசம்பர் கடைசியில் அங்கே ஏறியவர் சில மாதங்கள் தொடர்ந்து பாடினார், அரங்கு பிழைத்துக்கொண்டது. 1963-ல் அவர் போய்ச் சேர்ந்தபோது வயது 47.

உங்களுக்கு இதில் எதுவும் தெரியாமலேயே மயிர்க்கூச்செடுத்தது. அது ஒன்றும் அதிசயமில்லை. அடுத்த தெருவில் ஒப்பாரி கேட்டால் வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சு அடைக்கிறதா இல்லையா? அந்த மெட்டும் அப்படித்தான். அடி எடுத்து வைப்பதுபோல் நிதானமாக ஏறும், ஒவ்வொரு 'நோன்'னும் ஒரு படி. ஆனால் என் ஆதங்கம் வேறு. அறிவிப்பாளர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஆங்கிலத்தில் நாலு வரி படித்தார். அதையே தமிழில் ரெண்டு வரி சொல்லியிருந்தால் உங்கள் மச்சான் மட்டும் இல்லை, முன்வரிசை முழுக்க அழுதிருக்கும்.

வாசகி, கீழக்கரை: காரைக்காலில் கட்டிக்கொடுத்த என் லாத்தா (அக்கா) குடும்பத்தோடு பிரான்ஸ் போய் இருபது வருஷம் ஆகிறது. லீவுக்கு வரும் பிள்ளைகள் பேசும் பிரெஞ்சில் பாதி எழுத்தை முழுங்கிவிடுவார்கள். மேடையில் பழைய பாட்டு பாடும்போது மட்டும் முழுங்கின எழுத்தெல்லாம் காதில் விழுந்ததே, எப்படி?

அடேயப்பா, நல்ல காது அம்மா உங்களுக்கு. நமக்கும் இதே வழக்கம் உண்டு. பேச்சில் 'அவ வந்தா' என்கிறோம், பாட்டில் 'அவள் வந்தாள்' என்று அந்த ள் திரும்ப வந்துவிடும். பிரெஞ்சில் வார்த்தைக் கடைசியில் நிற்கும் 'எ' என்ற எழுத்தைப் பேச்சில் விட்டுவிடுவார்கள். பழைய பாணிப் பாட்டில் அதற்கு ஒரு அசை கொடுத்து, சில சமயம் ஒரு முழு ஸ்வரமே கொடுத்துப் பாடுவார்கள். ஜாக் பிரெல் 1959-ல் பாடிய 'ந ம கித பா' (என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சுவது) அன்றைக்கும் பாடினார்களே, அதில் 'கித்' என்று பேசுவதை 'கி-த' என்று இரண்டாக உடைத்தார்கள் பாருங்கள். பிரெல், சொல்லப்போனால், பெல்ஜியம்காரர். இதைச் சொன்னால் பாரிஸ்காரர்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

இந்தப் பாணியை 'ஷான்சோன்' என்கிறார்கள். வார்த்தைக்கு நேர் அர்த்தம் பாட்டு என்பதுதான். ஆனால் அதில் சொல்தான் எஜமான், மெட்டு அதற்குக் குடை பிடிக்கும். அதனால்தான் சில இடத்தில் பாடுகிறாரா பேசுகிறாரா என்றே தெரியவில்லை. இரண்டாம் பாதியில் வந்த புதுப் பாட்டுகளில் மறுபடி அந்த 'எ' காணாமல் போனதைக் கவனித்தீர்களா? கானாப் பாட்டில் 'அவ' என்றே பாடுவது மாதிரி. லாத்தா பிள்ளைகளைக் கேட்டால் புதுசுதான் பிடிக்கும் என்பார்கள்.

நாடக ரசிகர், தேவிபட்டினம்: நெஞ்சில் தொங்கவிட்டு இழுத்து இழுத்து வாசித்தாரே ஒருவர், அது நம்ம வள்ளி திருமணத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியப் பெட்டிக்குத் தம்பியா அண்ணனா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரவேண்டும். அதன் பெயர் அக்கார்டியன். அண்ணன்தான், பதின்மூன்று வயசு மூப்பு. 1829-ல் வியன்னாவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆர்மோனியத்துக்கு 1842-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாந்தர் தெபேன், வாங்கிய ஊர் எது தெரியுமா? பாரிஸ்! இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே சூத்திரம். காற்று உள்ளே போய்ச் சின்ன உலோக நாக்கை ஆட்டும், நாக்கு ஆடினால் சத்தம். தெபேன் செய்தது காலால் மிதிக்கிற பெரிய பெட்டி. நம் நாட்டில் கல்கத்தாவில் அதைச் சுருக்கி, ஒரு கையால் துருத்தி அடித்து மறு கையால் வாசிக்கிற மாதிரி, தரையில் உட்கார்ந்து வாசிக்க வாகாக மாற்றினார்கள். அப்புறம் கோயில் பஜனை, மாதா கோயில் பாட்டு, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியவிடிய நடக்கும் நாடகம் என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்துகொண்டது. அரிச்சந்திரன் மயான காண்டத்தில் நீங்கள் கண் கலங்கியது பாரிஸில் பிறந்த பெட்டியைக் கேட்டுத்தான்.

அக்கார்டியனும் பாரிஸுக்கு வந்தேறிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் நடுமலைப் பகுதியான ஓவெர்ஞிலிருந்து பஞ்சம் பிழைக்கப் பாரிஸ் வந்தவர்கள், பையில் காற்றடைத்து ஊதும் 'முசெத்' என்ற குழலோடு வந்தார்கள். சாராயக் கடையும் கரிக் கடையும் நடத்தி, சாயங்காலம் அதிலேயே ஊதி ஆடினார்கள். பின்னாலேயே இத்தாலியிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் அக்கார்டியனோடு வந்தார்கள். முதலில் ரெண்டு கூட்டத்துக்கும் ஆகவில்லை. கடைசியில் அக்கார்டியன் ஜெயித்துவிட்டது, ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பெயர் மட்டும் இன்றும் முசெத். இன்றைக்கு பாரிஸ் என்றாலே அக்கார்டியன் சத்தம் என்று சினிமாவில் போடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ராமேஸ்வரம்: இரண்டு மூன்று மெட்டுகள் ஆங்கிலத்தில் நான் ஏற்கெனவே கேட்டவை. பிரெஞ்சுக்காரர்கள் காப்பி அடித்திருக்கிறார்களா?

பெரும்பாலும் தலைகீழ் ஐயா. 'மை வே' என்று ஃபிராங்க் சினாட்ரா 1969-ல் பாடிப் புகழ்பெற்றது, 1967-ல் குளோத் ஃபிரான்சுவா பாடிய 'கொம் தாபித்யூத்'. பால் ஆங்கா அந்த மெட்டின் உரிமையை வாங்கி ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அர்த்தத்துக்கும் அர்த்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில், சாகப்போகும் மனிதன் நான் என் வழியில் வாழ்ந்தேன் என்று மார்தட்டுகிறான். பிரெஞ்சில், எழுந்திருக்கிறேன், உன்னை எழுப்புகிறேன், நீ எழவில்லை, வழக்கம்போல. தனியாகக் காப்பி குடிக்கிறேன், வழக்கம்போல என்று காதல் வற்றிப்போன ஒரு வீட்டின் ஒருநாள் பொழுது. எனக்கு பிரெஞ்சுதான் பிடிக்கும். மார்தட்டுவதற்கு எவ்வளவோ பாட்டு இருக்கிறது, தனியாகக் காப்பி குடிப்பதற்கு எத்தனை இருக்கிறது?

'ஆட்டம் லீவ்ஸ்' என்று நீங்கள் கேட்டிருப்பது ஜாக் பிரேவேர் எழுதி, ஹங்கேரியில் பிறந்த ஜோசப் கோஸ்மா மெட்டமைத்த 'லே ஃபய் மோர்த்'. உதிர்ந்த இலைகள். 1946-ல் வந்த படத்துக்காக எழுதியது. ஆனால் கடைசியில் எல்லாரும் கைதட்டிக்கொண்டே பாடிய 'ஷான்செலிசே' பாட்டில் உங்கள் சந்தேகம் சரிதான். பாரிஸின் அந்தப் பெரிய வீதியைப் புகழ்கிற பாட்டு முதலில் லண்டனில் ஒரு தெருவைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு. 1969-ல் அதை பிரெஞ்சில் பாடிய ஜோ தாசேன் பிறந்தது நியூயார்க்கில். பாட்டுக்கு யார் ரேஷன் கார்டு கேட்கிறார்கள்!

கல்லூரி மாணவி, ராமநாதபுரம்: இரண்டாம் பாதியில்தான் எங்களுக்கு உயிர் வந்தது சார், ரீல்ஸில் கேட்ட பாட்டெல்லாம் வந்தது. எங்க தாத்தா, இது வெறும் குத்துப்பாட்டு, பழசுதான் பாட்டு என்று எழுந்து போய்விட்டார். புதுசில் அர்த்தமே இல்லையா?

தாத்தாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் படித்துக்காட்டு அம்மா. ஸ்ட்ரோமாய் என்ற பெல்ஜியம் பையன் (பையன் என்றா சொன்னேன், 1985-ல் பிறந்தவர்) 2009-ல் கொண்டுவந்த 'அலோர் ஓன் தான்ஸ்' பாட்டுக்குத்தானே நீங்களெல்லாம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினீர்கள்? அதில் அவர் சொல்வது இதுதான். படிப்பு என்றால் வேலை, வேலை என்றால் காசு, காசு என்றால் செலவு, செலவென்றால் கடன், கடனென்றால் ஜப்திக்காரன் வாசலில். சரி, அதனால ஆடுவோம். இதைத் தமிழில் சொல்லியிருந்தால் படகுக் கடன் வாங்கினவர்கள் எல்லாரும் அன்று மேடை ஏறியிருப்பார்கள். ஸ்ட்ரோமாய் என்பதே 'மாயெஸ்த்ரோ' (இசை மேதை) என்ற சொல்லைத் திருப்பிப் போட்டது. பிரான்சில் இளவட்டங்கள் சொல்லின் அசைகளைத் தலைகீழாக்கிப் பேசுவார்கள், பெரியவர்களுக்குப் புரியாமல் இருக்க.

அப்புறம் 'பாப்பாவுத்தே', 2013-ல் வந்தது. அதைச் சேர்த்துச் சொல்லாமல் பிரித்துச் சொன்னால் 'பப்பா, நீ எங்கே?' அவருடைய அப்பா ருவாண்டாக்காரர். 1994 இனப்படுகொலையில் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது, அப்பாவைப் பார்த்ததே கொஞ்ச தடவைதான். பாட்டின் காணொளியில் சோபாவில் பொம்மை போல் விறைத்து உட்கார்ந்திருக்கும் அப்பாவைச் சுற்றி ஒரு சின்னப் பையன் ஆடி ஆடி எழுப்பப் பார்ப்பான். அப்பா அசையமாட்டார். தாளம் மட்டும் துள்ளும்.

அன்றைக்கு மைதானத்தில் ஓரமாக நின்று இதற்கு ஆடிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை பேருக்கு வாப்பா துபாயில், அப்பா சிங்கப்பூரில். வீடியோ காலில் முகம் பார்த்து வளருகிற பிள்ளைகள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாக்களின் பிள்ளைகளும் இருந்தார்கள், எனக்குத் தெரிந்து ரெண்டு பேர். அவர்கள் 'பாப்பாவுத்தே, பாப்பாவுத்தே' என்று கூடவே கத்தினார்கள், என்ன கத்துகிறோம் என்று தெரியாமலேயே. யாராவது ஒருவர் மைக்கை வாங்கி அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்லியிருக்கலாமா, சொல்லாமல் விட்டதே நல்லதா என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் தம்பிக்கு மேலே சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறது, தெரியும்.

சுமைதூக்கும் தொழிலாளி, மண்டபம்: கடலைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி ஒருத்தர் பாடினாரே, நாங்கள் ஐஸ் பெட்டி ஏற்றுகிற மாதிரியே செய்கை காட்டினார். எங்களைப் பற்றியா?

உங்களைப் பற்றியேதான். ஷார்ல் அஸ்னவூர் 1967-ல் பாடிய 'அம்மனே முவா', என்னைக் கூட்டிக்கொண்டு போ. அகதியாக வந்த ஆர்மீனியர்களுக்கு பாரிஸில் பிறந்தவர் அவர். பாட்டில் வருகிறவன் குளிரும் இருட்டுமாக இருக்கும் ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். தூர தேசத்திலிருந்து பழம் ஏற்றி வரும் கப்பல்களைப் பார்த்து, அந்த அதிசய நாட்டுக்கு என்னைக் கொண்டுபோ, வெயில் அடிக்கிற இடத்தில் வறுமை இவ்வளவு வலிக்காது என்று ஏங்குவான். மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு மண்டபம் ஜெட்டியில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும்.

பெரியவர், திருப்பாலைக்குடி: கரைவலை இழுக்கையில் நாங்கள் பாடிய அம்பாப் பாட்டைக் கேட்க ஆள் இல்லை. நம்மை ஆளாத பிரெஞ்சுக்காரன் பாட்டுக்கு மேடை, விளக்கு, ஜெனரேட்டர். இது எந்த ஊர் நியாயம்?

கோபம் நியாயம்தான் ஐயா. பிரெஞ்சுக்காரர் ஆண்டது புதுச்சேரி, காரைக்கால். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தைக் கையில் கொடுத்தார்கள், சட்டப்படி முடிய 1962 ஆனது. சேதுபதி சீமைக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டு கேட்பதற்கு ஆண்டிருக்க வேண்டுமா? நாம் இத்தனை வருஷம் ராத்திரியில் இலங்கை வானொலி கேட்டோம், இலங்கையா நம்மை ஆண்டது? மண்டபம் அகதி முகாமில் இருந்த எத்தனையோ பேரின் சொந்தக்காரர்கள் இன்று பாரிஸில் இருக்கிறார்கள். லா ஷாப்பேல் பக்கம் போனால் கடைப் பலகையே தமிழில் இருக்கும். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டு இனி ரெண்டு மொழியிலும்தான்.

நீங்கள் பயப்படுகிற அதே பயம் பிரெஞ்சுக்காரர்களுக்கும் வந்தது, அதைச் சொல்லவேண்டும். ரேடியோவைத் திருப்பினால் எல்லாம் ஆங்கிலப் பாட்டு என்று ஆகி, 1994-ல் சட்டமே போட்டார்கள். 1996-லிருந்து, ரேடியோவில் பாட்டு போட்டால் குறைந்தது 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டாக இருக்கவேண்டும், அதிலும் பாதி புது ஆட்களுடையதோ புதுப் பாட்டோ. நிலையக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அந்த இடைவெளியில் புதுப் பையன்கள் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். இன்னொன்று, 1982-லிருந்து ஜூன் 21-ஆம் தேதி அங்கே பாட்டுத் திருவிழா. சங்கீதம் தெரிந்தவன் தெரியாதவன் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று பாடலாம், கட்டணம் இல்லை. புதுச்சேரியிலும் அதைக் கொண்டாடுகிறார்கள். நம் கரையில் அந்தத் தேதிக்குத் தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், ஆம்பிளைகள் பாதிப்பேர் கடலில். இருந்தாலும் உங்கள் வயதுக்காரர்கள் கரையில்தானே இருப்பீர்கள்? நாலு பேர் கயிற்றைப் பிடித்து நின்று 'ஏலேலோ' என்று ஆரம்பியுங்கள். நான் வருகிறேன். ஜெனரேட்டர் வேண்டாம்.

வாசகர், தங்கச்சிமடம்: சத்தம் ஏன் அவ்வளவு மோசம்?

மைக்குக்குப் பஞ்சு உறை போடவில்லை, கச்சான் காற்று நேராக அதற்குள் போய் அடித்தது. முதல் மூன்று பாட்டில் பாதி காற்றுதான் பாடியது. கடைசியில் யாரோ ஒரு மதினி கொடுத்த கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் சரியானது. யாரையும் குறை சொல்லவில்லை, கடலோரத்தில் மேடை போடுகிறவர்கள் அடுத்த தடவை காற்றுக்கு முதுகு காட்டிப் போடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், பாம்பன்: சார், கடல் பாட்டு ஒன்னு பாடினாங்கல்ல, 'லா மேர்'னு. அதுல கடலைப் பத்தி என்ன சார் சொல்றாங்க? அவங்க கடலும் நம்ம கடலும் ஒன்னா?

'லா மேர்' என்றால் கடல்தான் தம்பி. ஷார்ல் திரெனே எழுதியது, 1946-ல் இசைத்தட்டாக வந்தது. தெளிந்த வளைகுடாக்களின் ஓரமாகக் கடல் ஆடுகிறது, அதில் வெள்ளி மின்னுகிறது, மழைக்கு நிறம் மாறுகிறது, நுரையெல்லாம் வெள்ளைச் செம்மறி ஆடு மாதிரி வானத்துத் தேவதைகளோடு கலந்துவிடுகிறது, கடைசியில் அந்தக் கடல் என் நெஞ்சைத் தாலாட்டிவிட்டது என்று முடியும். போர்க்காலத்தில், 1943-ல், பிரான்சின் தென்கரையில் மத்தியதரைக் கடலை ஒட்டி ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தபடி எழுதினார். நீ பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வாய் இல்லையா, அந்த ஜன்னல்தான்.

கச்சேரியில் இந்தப் பாட்டு வந்தபோது எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான மீனவர் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த அளவில் அர்த்தத்தை அவர் காதில் சொன்னேன். வெள்ளி, செம்மறி ஆடு, தாலாட்டு எல்லாம் சொன்னேன். (எங்கள் பக்கம் வடகடல் சாது, தென்கடல்தான் முரடு.) அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, மேடைக்குப் பின்னால் தென்கடல் இரைந்துகொண்டிருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடகடலைப் பாத்து எழுதிருக்கான். அதுவும் ரயிலுக்குள்ள இருந்து."